பட்டாவும் கணினியும்: வருவாய்த் துறை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட்டாட்சியர் அலுவலகங்களிலும், வருவாய் ஆய்வாளர் அலுவலகங்களிலும், கிராம நிர்வாக அலுவலகங்களிலும் இருந்துகொண்டு தமிழ்நாட்டு மண்ணின் கணக்கைக் காத்துவரும் அன்பர்களே,

உங்கள் துறை காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறிவருவதைப் பற்றி மந்திரிகள் பேசியிருக்கிறார்கள்; செயலாளர்கள் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்கள்; சட்டமன்றத்திலேயே 2021 ஆகஸ்டு 13-ஆம் தேதி நிதிநிலை அறிக்கை காகிதமின்றிக் கணினித் திரையில் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. மேலிருந்து சொல்லவேண்டியவை அனைத்தும் சொல்லப்பட்டான பிறகும், கீழே மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களின் பக்கத்திலிருந்து சொல்லவேண்டியது இன்னும் உங்கள் காதில் விழவில்லை என்று எனக்குத் தோன்றுகிறபடியால் இந்த மடலை எழுதத் துணிந்தேன். மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம்; முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் எழுதலாம். ஆனால் அங்கே எழுதுகிற எழுத்தெல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற குறிப்புடன் உங்கள் மேஜைக்குத்தானே வந்து சேருகிறது! ஆகவே நேரே உங்களிடமே பேசிவிடுவது உசிதம் என்று எண்ணினேன்.

நான் பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். காவிரிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும், எழுத்தென்றாலே அஞ்சுகிறவர்கள் மனு எழுதித் தரச்சொல்லி என்னிடம் வருவது நெடுநாளைய வழக்கம். முன்பு வெள்ளைத்தாளில் எழுதி, ஐந்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டிக் கொடுத்தனுப்புவேன். இப்பொழுது அவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து விவரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கணினியில் ஏற்றச் செய்கிறேன். இந்த இரண்டு காலத்தையும் ஒரே திண்ணையிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன். உங்கள் துறையின் மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், கணினி வந்ததனால் ஏற்பட்ட நன்மையை முதலில் ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் நன்றி கெட்டவனாவேன். ஒரு சிட்டா நகல் பெறுவதற்கு ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போய், ‘நாளைக்கு வா’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று வீட்டிலிருந்தபடியே அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறார்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் மின்கையொப்பத்துடன் வந்துவிடுகின்றன. கல்லூரியில் சேரப்போகும் ஏழைப் பெண்ணுக்கு இது எத்தகைய உபகாரம் என்பதை, அந்தச் சான்றுக்காகக் கடைசி நாளன்று அலைந்த பெற்றோரைக் கண்டவர்கள்தாம் அறிவார்கள்.

ஆனால் அன்பர்களே, மாற்றம் பாதிவழியில் நின்றுவிட்டது. நின்ற இடம் எது என்பதைச் சொல்கிறேன், பொறுமையுடன் கேளுங்கள்.

ஒரு குடியானவன் நிலம் வாங்குகிறான். கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. பதிவான விவரம் இணையவழியாகவே உங்கள் ‘தமிழ் நிலம்’ மென்பொருளுக்குப் பட்டா மாறுதலுக்காக வந்துவிடுகிறது. இதுவரையில் எல்லாம் செம்மை. இதற்குப் பிறகு அவனுக்கு ஒரு தகவல் போகிறது, எழுத்திலன்று, வாய்மொழியாக: ‘பத்திரம் ஒரு ஜெராக்ஸ், தாய்ப்பத்திரம் ஒரு ஜெராக்ஸ், வில்லங்கம் ஒன்று, கம்ப்யூட்டர் சிட்டா ஒன்று, ஆதார் ஒன்று, இரண்டு செட்டாக எடுத்துக்கொண்டு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.’ அவனும் இ-சேவை மையத்துக்குப் போய், உங்களுடைய சிட்டாவை உங்களுடைய தளத்திலிருந்தே இறக்கி, காசு கொடுத்து அச்செடுத்து, உங்கள் மேஜையின்மீது கொண்டுவந்து வைக்கிறான். உங்கள் கணினியில் இருப்பதை உங்களுக்கே தாளில் கொண்டுவந்து கொடுப்பதற்காக ஒரு மனிதன் நடவு நாளில் வயலை விட்டு வருவது என்ன நியாயம்? நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை; பதில் வேண்டியே கேட்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியாததன்று. உங்களில் அநேகர் முடிவைத் தாளில் எடுக்கிறீர்கள். எடுத்த முடிவைக் கணினியில் பதிகிறீர்கள். பரிசீலனை தாளில், பதிவு திரையில். எனவே காகிதக் கோப்பு மெய்யான கோப்பாகவும், கணினிக் கோப்பு அதன் நிழலாகவும் இருந்துவருகின்றன. இரண்டும் ஒத்திருந்தால் உங்களுக்கு இரட்டை வேலை. ஒத்திராவிட்டால் எங்களுக்கு இரட்டைத் துன்பம். கோப்பைக் கணினிக்கு மாற்றுவதென்றால் தாளைப் படமெடுத்துத் திரையில் காட்டுவதென்று பலர் எண்ணுகிறார்கள். அந்த அபிப்பிராயம் திருந்தவேண்டும். மனுவைப் படிப்பதும், ஆவணத்தைச் சரிபார்ப்பதும், காரணத்தைச் சிந்தித்துக் குறிப்பெழுதுவதும், உத்தரவிடுவதும் ஆகிய காரியங்கள் அனைத்தும் எங்கே நடக்கின்றனவோ அங்கேதான் அலுவலகம் இருக்கிறது. மற்றவை யாவும் அதன் நகல்களே.

சட்டம் இதில் எங்களுக்குத் துணை நிற்பதும் அரைகுறையாகத்தான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்கையொப்பத்துக்கும் காகிதத்தோடு ஒத்த அங்கீகாரம் கொடுத்தது. ஆயினும் அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, அரசு அலுவலகம் ஒன்று மின்னணு வடிவில்தான் ஆவணத்தை ஏற்கவேண்டுமென்று வற்புறுத்தும் உரிமையை யாருக்கும் வழங்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ‘திரையில் இருக்கிறதே, தாள் எதற்கு?’ என்று உங்களிடம் அதிகாரத்தோடு கேட்கிற சக்தி எங்களுக்கு இல்லை. உங்கள் நல்லெண்ணத்தை நம்பித்தான் கேட்கவேண்டியிருக்கிறது; நம்பித்தான் கேட்கிறேன்.

இனி அடுத்த குறை. இது முந்தியதைக் காட்டிலும் பெரிது.

பழைய காகிதக் கோப்பைப் பற்றி இன்று யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. ஆனால் அதனிடம் ஓர் உயர்ந்த குணம் இருந்தது. குமாஸ்தா ஒரு குறிப்பெழுதினால் அதன் கீழே அவருடைய சுருக்கொப்பமும் தேதியும் இருக்கும். துணை வட்டாட்சியருக்கு அதில் சம்மதமில்லையானால் தம் காரணத்தை அதன் கீழே எழுதுவார். வட்டாட்சியர் இருவருடைய குறிப்பையும் படித்துவிட்டு, இன்ன காரணத்தால் இன்னபடி உத்தரவு என்று எழுதுவார். பிந்திய குறிப்பு முந்திய குறிப்பை அழிக்க இயலாது. காரியம் முடிந்த பிறகு, இது ஓராண்டு வைக்கவேண்டிய கோப்பு, இது மூன்றாண்டு, இது பத்தாண்டு, இது என்றென்றைக்கும் என்று தரம் பிரித்துப் பதிவறைக்கு அனுப்புவார்கள். யார் என்ன சொன்னார்கள், எப்பொழுது சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்ற மூன்றும் அந்த நூல்கயிற்றில் கோத்த தாள்களுக்குள் பத்திரமாக இருந்தன.

இந்தக் கிரமம் வெள்ளைக்காரன் புதிதாகக் கொண்டுவந்ததும் அன்று. சோழர் காலத்து நிலக்கணக்கைக் கவனித்த புரவுவரித் திணைக்களத்தில், வரிப்பொத்தகம் என்றும் முகவெட்டி என்றும் வரியிலிடு என்றும் படிப்படியாக அலுவலர்கள் இருந்தார்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுகிறவன் எழுத, ஓலைநாயகம் அதை ஒப்பிட்டுச் சரிபார்க்க, பிறகு அது வரிப் புத்தகத்தில் ஏறும். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை அளித்த செப்பேட்டைப் பார்த்தால், அந்தக் காரியத்தில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வருவதைக் காணலாம். ஓலையும் செப்பேடும் போய்க் காகிதம் வந்தது; 1792-க்குப் பிறகு பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு குடியானவனோடும் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையைத் தொடங்கி வளர்த்த பின்னர், பட்டா என்பது சர்க்காருக்கும் தனி மனிதனுக்கும் நேருக்கு நேரான உடன்படிக்கையாயிற்று. எழுதும் பொருள் எத்தனை முறை மாறினாலும், செய்தவன் பெயரும் செய்த காரணமும் மறையாமல் நிற்கவேண்டும் என்ற தர்மம் மாத்திரம் மாறவில்லை.

இப்பொழுது உங்கள் கணினியிலிருந்து எங்கள் கைப்பேசிக்கு வருகிற குறுஞ்செய்தியை நினைத்துப் பாருங்கள். ‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.’ ஏன் என்று தளத்தில் தேடினால், ‘போதிய ஆவணங்கள் இல்லை’ என்று ஒரு வரி. எந்த ஆவணம் இல்லை? எந்த வாரிசின் பெயர் விட்டுப்போயிற்று? வில்லங்கம் எந்த ஆண்டிலிருந்து வேண்டும்? எதுவும் தெரியாது. மனுதாரன் மறுபடியும் அதே ஆவணங்களோடு, மறுபடியும் மையத்தில் பணம் கட்டி, மறுபடியும் விண்ணப்பிக்கிறான். மறுபடியும் அதே ஒரு வரி வருகிறது. மேல்முறையீட்டுக்குக் கோட்டாட்சியரிடம் போகலாம் என்கிறீர்கள். காரணம் எழுதாத உத்தரவை எதிர்த்து எந்தக் காரணத்தைச் சொல்லி மேல்முறையீடு செய்வது? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களை அட்டவணைப்படுத்திக் கணினிமயமாக்கவேண்டும் என்று சொல்கிற அதே மூச்சில், ஒரு முடிவினால் பாதிக்கப்படுகிறவருக்கு அம்முடிவின் காரணத்தைத் தெரிவிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. முன்னதை நிறைவேற்றப் பெரும்பொருள் செலவழித்தோம். பின்னதை நிறைவேற்றச் செலவு ஏதும் இல்லை. இரண்டு வாக்கியம் தட்டச்சு செய்கிற சிரத்தைதான் வேண்டும்.

இந்த ஒற்றை வரி உத்தரவுகள் சோம்பலினால் மாத்திரம் பிறக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். மாவட்டத்தில் வாராந்தர ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. எந்த வட்டத்தில் எத்தனை மனு நிலுவை என்று பட்டியல் சிவப்பாகவும் பச்சையாகவும் திரையில் ஒளிர்கிறது. நிலுவை அதிகமுள்ளவர் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அனுமதித்தாலும் நிலுவை தீரும், நிராகரித்தாலும் நிலுவை தீரும் என்று கணக்கு வைத்த பிறகு, கெடு முடிகிற நாளன்று சாயங்காலம் எது சுலபம் என்று மனித மனம் தேடுவது இயற்கை. ஆகையால் உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கும் இந்த மடலிலேயே ஒரு வார்த்தை: நிலுவை எத்தனை என்று கேட்பதோடு, நிராகரித்தவை எத்தனை, அவற்றுள் திரும்பி வந்தவை எத்தனை, மேல்முறையீட்டில் கவிழ்ந்தவை எத்தனை என்றும் கேளுங்கள். கேள்வி மாறினால் விடையும் மாறும்.

மூன்றாவதாக ஒரு விஷயம். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் என் மனத்தை மிகவும் வருத்துவது இதுவே.

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தாயார் இருக்கிறார். கணவர் விட்டுச்சென்ற நஞ்சை ஓர் ஏக்கர்தான் அவருக்கு ஆதாரம். யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி 1987 வரையில் நடந்ததல்லவா? அப்பொழுது தயாரான கையெழுத்துச் சிட்டாவில் அந்த நிலத்தின் பரப்பு 0.40.5 என்று இருக்கிறது. அதாவது பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர்; நம் ஊர்க் கணக்கில் சரியாக ஓர் ஏக்கர். அதைக் கணினியில் ஏற்றினவர் யாரோ, எந்த ஒப்பந்தத்தின் கீழ் எத்தனை ஆயிரம் வரிகளை ஒரு நாளில் தட்டினாரோ, நான் அறியேன், ஏற்றும்போது 0.04.5 என்று ஆகிவிட்டது. ஒரு பூஜ்யம் இடம் மாறியதில் ஓர் ஏக்கர் பதினொரு சென்டாகிவிட்டது. வயல் அப்படியேதான் இருந்தது. வரப்பும் அப்படியேதான் இருந்தது. அவரும் வழக்கம்போல் நாற்று விட்டு நட்டுக்கொண்டுதான் இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போன அன்றைக்குத்தான், சர்க்கார் கணக்கில் தமக்குப் பதினொரு சென்ட்தான் என்பது அவருக்குத் தெரியவந்தது.

திருத்தம் கோரி மனு போட்டோம். என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே அறிவீர்கள்: ‘ஆவண ஆதாரம் போதாது.’ பிழை செய்தது உங்கள் துறையின் கணினி; பிழை இல்லாத மூலம் இருப்பது உங்கள் துறையின் பதிவறை; ஆதாரம் கொண்டுவரவேண்டியவர் மாத்திரம் எழுத்தறியாத அந்தக் கைம்பெண்! நேரே சென்று கேட்டபொழுது, கணினியில் உள்ளபடிதான் செய்ய முடியும், அதற்குமேல் தம்மால் ஆவதொன்றுமில்லை என்று ஒருவர் கையை விரித்தார். கணினியைப் பற்றி மனிதனுக்கு வரக்கூடிய மயக்கங்களில் இதுவே பெரிது. தாளில் எழுதியிருந்தால் ‘எழுத்தர் தப்பாக எழுதிவிட்டார்’ என்று நினைக்கிற மனம், திரையில் கண்டவுடன் அதைத் தெய்வ வாக்காகக் கொண்டுவிடுகிறது.

கடைசியில் அந்த அம்மாளைக் கரையேற்றினவரும் உங்களில் ஒருவர்தான் என்பதை நான் மறைக்கலாகாது. பதிவறையில் இருந்த ஓர் எழுத்தர், வயதில் இளையவர், நாங்கள் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து சிவப்புத் துணியில் கட்டிய மூட்டை ஒன்றை இறக்கினார். தூசி பறந்தது. ‘அ’ பதிவேட்டை எடுத்துப் புல எண்ணைத் தேடிப் பரப்பைப் பார்த்தார். புலப்படத்தை விரித்து அளவுகளைக் கூட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, திருத்தத்துக்கான குறிப்பைத் தாமே கணினியில் எழுதி, ‘மூலப் பதிவேட்டின்படி பரப்பு இன்னது, கணினிப் பதிவில் நேர்ந்தது தட்டச்சுப் பிழை’ என்று தெளிவாகக் காரணம் காட்டி மேலே அனுப்பினார். உத்தரவு வந்துவிட்டது. அந்த இளைஞர் செய்த காரியத்தில் காகிதமும் இருந்தது, கணினியும் இருந்தது. இரண்டையும் ஆண்ட ஒரு மனசாட்சியும் இருந்தது. உங்கள் துறை போகவேண்டிய பாதை அவர் மேஜையில் எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

இதிலிருந்து ஒரு வேண்டுகோள் உடனே எழுகிறது. கணினி வந்துவிட்டதென்று பழைய பதிவேடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். ‘அ’ பதிவேடும், புலப்பட நூலும், யு.டி.ஆர். சிட்டாவும், அதற்கு முற்பட்ட செட்டில்மென்ட் பதிவேடும் கணினியில் நேர்ந்த பிழைக்கு மிஞ்சியிருக்கும் சாட்சிகள். பல ஊர்களில் அவை கரையான் தின்றும், மழை ஒழுகியும், ஓரம் உதிர்ந்தும் கிடக்கின்றன. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபொழுது, தலைமுறை தலைமுறையாக அந்தக் கணக்குகளை வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தவர்களிடமிருந்து அவற்றை வாங்கிச் சேர்ப்பதற்குள் என்னென்ன காணாமற்போயின என்பதை உங்கள் துறையின் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது முறை அப்படி இழப்பதற்கு நம்மிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உங்கள் கஷ்டங்களை நான் அறியாதவனல்லன். 12,000-க்கும் மேற்பட்ட கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்களில் காலியாகக் கிடப்பவை எத்தனையோ. ஒருவரே இரண்டு மூன்று கிராமங்களுக்குக் கூடுதல் பொறுப்பேற்று அலைகிறீர்கள். காலையில் ஆற்றுமணல் வண்டியைப் பிடிக்க ஓடவேண்டும். மத்தியானம் தேர்தல் வேலை. சாயங்காலம் வெள்ளச் சேதக் கணக்கு. இதற்கிடையில் கொடுத்த லேப்டாப் பழுதாகி, சொந்தக் காசில் இணையம் போட்டு, பகலில் சர்வர் நகராமல், இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனுக்களைத் தீர்க்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இணைய வசதி கேட்டு உங்கள் சங்கங்கள் போராடியபொழுது, அது உங்கள் சௌகரியத்துக்கான கோரிக்கை என்று சிலர் எண்ணினார்கள். எங்களுக்கான கோரிக்கை என்றே நான் அதை எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். கருவி கொடுக்காமல் காரியம் கேட்கிற நிர்வாகத்தை நீங்கள் குறைசொல்லும்போது உங்கள் பக்கத்தில் நிற்க நாங்கள் தயார்.

ஆனால் அந்தக் கஷ்டத்தைச் சாக்காக வைத்து ஒரு காரியம் நடக்கிறது. அதைக் கூசாமல் சொல்லிவிடுகிறேன். மின்கையொப்பக் கருவியையும் கடவுச்சொல்லையும், கணினி தெரிந்த வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ‘நீயே பார்த்து முடித்துவிடு’ என்று சொல்லிச் செல்கிற வழக்கம் சில அலுவலகங்களில் புகுந்திருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு அந்நியன் கையில் கொடுக்க உங்களில் யாராவது சம்மதிப்பீர்களா? இது அதனினும் கொடிது. வெற்றுத்தாள் ஒன்றுதான், இந்தக் கருவியினால் ஓர் இரவில் ஒரு கிராமத்தின் பட்டாக்கள் அனைத்தையும் மாற்றிவிடலாம். வாசலில் நின்ற தரகன் கணினி வந்ததும் ஒழிந்துபோவான் என்று நம்பினோம். அவன் வாசலை விட்டு உள்ளே வந்து, உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டால், இத்தனை பிரயாசையும் யாருக்காக?

அண்டை மாநிலத்தின் அனுபவத்தையும் எண்ணிப் பாருங்கள். கர்நாடகத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி ‘பூமி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, சுமார் இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். அவர்கள் துணிந்து செய்த இரண்டு காரியங்கள் என்னைக் கவர்ந்தன. பஹணி எனப்படும் நிலப் பதிவுத் தாள் கணினியில் வந்த வட்டத்தில் கையெழுத்துப் பஹணி செல்லாது என்று அறிவித்து, இரட்டை வழியை அடைத்தார்கள். முதலில் வந்த மனுவை முதலில்தான் எடுக்கவேண்டும், செல்வாக்குள்ளவனுடைய மனுவைத் தூக்கி முன்னால் வைக்க இயலாது என்று மென்பொருளிலேயே கட்டுப்பாடு வைத்தார்கள். அதே திட்டத்தின்மீது ஆய்வாளர்கள் பிற்காலத்தில் சுமத்திய குறையும் உண்டு: நிலத்தின் விவரம் ஓரிடத்தில் திரண்டு சுலபமாகக் கிடைத்ததால், பெங்களூரைச் சுற்றிலும் நிலம் தேடித் திரிந்த பெருமுதலாளிகளுக்கு அது சிறு விவசாயியைக் காட்டிலும் அதிகம் பயன்பட்டது என்றார்கள். கணினி யாருக்குப் பயன்படும் என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை. அதன் முன்னே உட்கார்ந்திருக்கிறவர் எவருக்காக எழுந்து ஏணியில் ஏறுகிறார் என்பதே தீர்மானிக்கிறது.

கைப்பேசி இல்லாத கிழவர்களையும், இருந்தும் அதில் வரும் கடவெண்ணைப் படிக்கத் தெரியாதவர்களையும் பற்றித் தனியே விரித்துரைக்கத் தேவையில்லை. தினமும் உங்கள் வாசலில் பார்க்கிறீர்கள். ‘ஆன்லைனில் போடு’ என்று திருப்பியனுப்பாமல், வாரத்தில் ஒரு நாளாவது அலுவலகத்திலேயே ஒருவர் உட்கார்ந்து அவர்களுக்காகப் பதிந்து கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அது போதும்.

இனி என் பிரதான வேண்டுகோளுக்கு வருகிறேன்.

ஆண்டுதோறும் பசலி முடிவில், மே, ஜூன் மாதங்களில், நீங்கள் ஜமாபந்தி நடத்துகிறீர்கள். கிராமக் கணக்குகள் மூட்டை மூட்டையாக வட்டத் தலைமையிடத்துக்கு வருகின்றன. மாவட்ட ஆட்சியரோ அவர் நியமித்த அதிகாரியோ அமர்ந்து, 2-ஆம் எண் அடங்கல் முதலாக ஒவ்வொரு கணக்கையும் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார். மக்கள் மனுவும் கொடுக்கிறார்கள். இவ்வளவு பழமையான, இவ்வளவு பகிரங்கமான ஒரு சம்பிரதாயம் உங்கள் துறையைப்போல் வேறெந்தத் துறைக்கும் வாய்க்கவில்லை. ஆனால் கணினிப் பதிவுகளின் பிழையைக் களைவதற்கு அதை நாம் பயன்படுத்தவே இல்லை. பிழை தன் தலையில் விழுந்த பிறகு, ஒவ்வொருவனும் தனித்தனியாக மனுவோடு ஓடிவருகிறான். நிலத்தை விற்கப் போனபோது ஒருவனுக்குத் தெரிகிறது. பெண்ணின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கப் போனபோது இன்னொருவனுக்குத் தெரிகிறது. தகப்பன் இறந்த பிறகு, பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

ஆகவே அன்பர்களே, ஜமாபந்திக்கு ஒரு மாதம் முன்பாக, அந்தந்தக் கிராமத்தின் கணினிச் சிட்டா முழுவதையும், பட்டா எண், பெயர், தகப்பன் பெயர், புல எண், பரப்பு என்ற வரிசையில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாளைக் குறித்து ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரார் கூடியிருக்க அதை உரக்கப் படியுங்கள். தன் வயலின் பரப்பு எவ்வளவு என்று அறியாத குடியானவன் எந்த ஊரிலும் இல்லை. பக்கத்து வயலின் பரப்பையும் அவன் அறிவான். பதினொரு சென்ட் என்று நீங்கள் படித்த க்ஷணத்திலேயே, ‘இல்லை சாமி, அது ஒரு ஏக்கர்’ என்று பத்துக் குரல்கள் எழும். எழுந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவறையின் மூலப் பதிவேட்டோடு நீங்களே ஒப்பிடுங்கள். கணினிப் பதிவில் நேர்ந்த பிழையென்று தெரிந்தால், மனு கேட்காமல், கட்டணம் கேட்காமல், ஜெராக்ஸ் கேட்காமல், உங்கள் பெயரும் காரணமும் தேதியும் கணினியிலேயே விளங்கும்படி எழுதித் திருத்தத்துக்கு அனுப்பி, ஜமாபந்தி முடிவதற்குள் உரியவர் கையில் புதிய பட்டாவைக் கொடுங்கள்.

இதற்குப் புதிய மென்பொருள் வேண்டாம். புதிய சட்டம் வேண்டாம். உலக வங்கியின் கடனும் வேண்டாம். 38 மாவட்டங்களிலும் ஒரே சமயத்தில் நடக்கவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. இந்த மடலைப் படிக்கிற நீங்கள், உங்கள் பொறுப்பிலுள்ள ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, வருகிற ஜமாபந்திக்கு முன்பாக அதன் சிட்டாவை ஊரார் நடுவில் படித்துவிடுங்கள். படிக்கிற நாளைச் சொல்லியனுப்பினால், பெயர்களை எழுதிக்கொள்ளவும், பதிவேட்டைப் புரட்டித் தரவும், எழுதத் தெரிந்தவர்களை அழைத்துக்கொண்டு என்னைப் போன்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் வந்து நிற்போம்.

தங்கள் உண்மையுள்ள,
காவிரிப் பாசனத்து ஊரொன்றில் மனு எழுதித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியன்